மேஜைக்கடியில் கத்திய பெட்டி

ஸ்கேன் சென்டரில் அவளை எல்லோரும் ரிப்போர்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் பெரியவரான டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்துக்கொண்டே மைக்கில் சொல்லச் சொல்ல, இவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இங்கே டைப் அடிப்பாள். ஈரலின் அளவு, சிறுநீரகத்துக் கல், எலும்பில் விரிசல், எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் காகிதத்துக்கு வந்து சேரும். டாக்டருக்கு அடித்தொண்டையிலிருந்து எழும் கனமான குரல். நிறுத்தி நிதானமாகப் பேசுவார். அவர் சொல்லி முடிப்பதற்கும் இவள் அடித்து முடிப்பதற்கும் சரியாக இருக்கும். இத்தனை வருஷத்தில் அவளுடைய ரிப்போர்ட்டில் ஒரு பிழை என்று யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் அறைக்கும் ரிசப்ஷனுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். ரிசப்ஷனில் இருந்த பெண்ணுக்குக் குயில் என்று பெயர் வைத்தது டாக்டர். மெல்லிய, கீச்சென்ற குரல் அவளுக்கு. போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் சின்னப் பிள்ளை என்று நினைத்து, "வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா குடும்மா" என்பார்களாம். அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு திங்கட்கிழமை குயில் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அந்தச் சத்தம் தாங்கல. ஏதாவது பண்ணுங்களேன்."

கீபோர்டைத் தட்டும் சத்தத்தைச் சொல்கிறாள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். "வேலை செஞ்சா சத்தம் வரத்தான் செய்யும்" என்றாள், தலையைத் திருப்பாமலே.

குயிலுக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் மறுபடி வந்தாள். "அக்கா, ப்ளீஸ். காலைல இருந்து தலை வலிக்குது எனக்கு."

"நாள் பூரா நீ போன்ல பேசற. நான் என்னிக்காவது ஏதாவது சொல்லியிருக்கேனா?"

அதோடு இருவரும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அக்காவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று குயில் எக்ஸ்ரே அறையில் போய்ச் சொன்னாள். நேற்று வந்த பெண்ணுக்கு நாக்கு நீளம் என்று அக்கா ரத்தப் பரிசோதனை மேஜையில் சொன்னாள். கேட்டவர்கள் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அது அக்கா அறை விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள்.

சத்தம் உண்மையில் வந்துகொண்டுதான் இருந்தது. அக்காவின் மேஜைக்கடியில், கால் படும் தூரத்தில், தூசி படிந்த ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும்வரை கம்ப்யூட்டரை அணையாமல் தாங்கிப் பிடிக்கிற யூபிஎஸ் அது. உள்ளே இருந்த பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது, மாற்றுங்கள் என்று அது விட்டு விட்டுக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. சென்டரில் எல்லோருக்கும் கேட்டது. அதற்கு மேலேயே உட்கார்ந்திருந்தவளுக்கு மட்டும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மதியம் கரண்ட் போனது. வயிற்று வலியோடு வந்த ஒரு சின்னப் பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு இந்தக் காகிதத்துக்காகக் காத்திருந்தார்கள். விளக்கு ஒரு தடவை இமைத்தது. ஜெனரேட்டர் உடனே உறுமி எடுத்துக்கொண்டது. அந்த இமைப்புக்குள் கம்ப்யூட்டர் பட்டென்று செத்து, அடித்ததெல்லாம் போய்விட்டது.

அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு டாக்டர் அறைக்கு ஓடினாள். அவர் அதற்குள் வேறொரு நோயாளியைப் பார்க்க உள்ளே போய்விட்டிருந்தார். அவர் சொன்ன வாக்கியங்கள் அவளுக்கு அப்படியே மனதில் இருந்தன. ஆனால் ரிப்போர்ட்டில் அளவுகள் வரும். அளவை ஞாபகத்திலிருந்து அடிக்கக் கூடாது. அது அவளே தனக்கு வைத்துக்கொண்ட சட்டம். டாக்டர் வெளியே வரும்வரை காத்திருந்தாள். சின்னப் பெண்ணின் அப்பா கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டு, ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் நிமிர்ந்து பார்த்தார். குயில் அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

டாக்டர் வந்து முதலிலிருந்து சொன்னார். அக்கா அடித்தாள். ரிப்போர்ட் போனது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் சாயங்காலம் தகவலும் வந்தது. ஆனாலும் அந்த அப்பா கவுன்டரில் நின்ற நிலை அக்காவின் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் இல்லை. எதையும் சத்தம் போடாமல் கேட்பார். அதுதான் கஷ்டமாக இருக்கும்.

"அக்கா, யூபிஎஸ் திங்கள்லேருந்து கத்திட்டு இருக்காம். ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"எது கத்துச்சு?"

"உங்க மேஜைக்கடியில இருக்கறது."

"அது கத்தவே இல்ல சார்."

"எக்ஸ்ரே ரூம் வரைக்கும் கேட்டிருக்கு."

"நான் ஹெட்போன் போட்டிருந்திருப்பேன்."

"சாப்பிடறப்பவுமா?"

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப நான் பொய் சொல்றேனா சார்?"

"நான் அப்படிச் சொல்லல" என்றார் மேனேஜர், அப்படிச் சொன்னவர்கள் சொல்கிற மாதிரியே.

அன்று வேலை முடிந்ததும் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு, மேஜைக்கடியில் குனிந்து அந்தப் பெட்டியை உற்றுப் பார்த்தாள். ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தாள். உள்ளே லேசான ஒரு உறுமல். அவ்வளவுதான். நன்றாக நேரம் எடுத்துக்கொண்டு கேட்டாள். பெட்டி கத்தவில்லை என்று அவளுக்கு முழு நிச்சயமாகிவிட்டது. அப்படியென்றால் எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். குயில் போட்ட தூபமாகத்தான் இருக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை யூபிஎஸ் சர்வீஸ் செய்கிற பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு கனத்த பை, கையில் டார்ச். பெட்டியை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது போயிடுச்சு சார், பேட்டரி உப்பியிருக்கு. பெட்டியும் பழசு. புதுசே வாங்கிடுங்க" என்றாள். தற்காலிகமாக வைக்க வேறொன்று கொண்டுவந்திருந்தாள்.

"அதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்றார் மேனேஜர்.

"இதுலயே கண்காணிப்பு வசதி உள்ளது ஒண்ணு இருக்கு. ஒரு வயர் கம்ப்யூட்டருக்கு வரும். பேட்டரி எப்படி இருக்கு, எவ்வளவு நேரம் தாங்கும், மாத்தணுமா, எல்லாம் திரையில காட்டும். வேணும்னா போனுக்கு மெசேஜ் அனுப்பும். பக்கத்துல ஆள் இல்லைன்னா அதுவே கம்ப்யூட்டரை ஒழுங்கா மூடிடும்."

"ஆள்தான் பக்கத்துலயே உக்காந்திருக்காங்களே. பேட்டரி போனா பீப் அடிக்குது, காது இருக்கு, கேட்டுக்கலாம். அதுக்கு ஒரு வயரு, ஒரு சாஃப்ட்வேர், ஒரு மெசேஜ். இதெல்லாம் விக்கறதுக்காகச் சேர்க்கறது."

சர்வீஸ் பெண் மறுத்துப் பேசவில்லை. "பாதி உண்மைதான் சார். நானே பல பேருக்கு வேணாம்னு சொல்லியிருக்கேன். வாங்கிப் போடுவாங்க, அப்புறம் திறந்து பாக்கவே மாட்டாங்க. ஆளில்லாத ரூம்னா கட்டாயம் வேணும். பக்கத்துல ஆள் இருந்தா பீப்பே போதும்."

"அவ்வளவுதான்" என்றார் மேனேஜர். போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

சர்வீஸ் பெண் மேஜைக்கடியில் நுழைந்தாள். தற்காலிகப் பெட்டியை மாட்டி, பிளக்கைப் பிடுங்கிச் சோதனை செய்தாள். பெட்டி வீறிட்டது. ரிசப்ஷனில் குயில் பேசிக்கொண்டிருந்த போனின் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் திடுக்கிட்டு எழுந்தேவிட்டார்.

அக்கா அமைதியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஹெட்போன் மேஜைமேல் இருந்தது. கீழே குனிந்து, "டெஸ்ட் பண்றதுன்னா முதல்லயே சொல்லிடுங்க, நான் சேவ் பண்ணிக்கிறேன்" என்றாள்.

சர்வீஸ் பெண் அங்கிருந்தே அவளை நிமிர்ந்து பார்த்தாள். கையில் பிளக். பெட்டி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பிளக்கை மெதுவாகச் செருகினாள். சத்தம் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குயிலும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் அந்த நிமிஷம் எங்கோ போய்விட்டது.

சர்வீஸ் பெண் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டு, இன்னொரு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. கொஞ்சம் கண்ணை மூடிக்கோங்க. சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க."

"எதுக்கு?"

"சும்மா ஒரு சோதனை."

அக்கா கண்ணை மூடினாள். அறையில் மின்விசிறியின் சத்தம் கேட்டது. பக்கத்து அறையில் டாக்டர் தொண்டையைச் செருமுவது கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை. காத்திருந்து அலுத்துப்போய், "ஆரம்பிச்சாச்சா?" என்று கண்ணைத் திறந்தாள். சர்வீஸ் பெண் குனிந்து பெட்டியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கத்திட்டுதான் இருக்கு அக்கா" என்றாள் மெதுவாக.

அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு பக்கத்து அறைப் பக்கம் கையைக் காட்டினாள். "டாக்டர் பேசறதெல்லாம் எனக்கு நல்லாக் கேக்குது. நீ பேசறதும் கேக்குது."

"கேக்கும். எங்க மாமியாருக்கும் இதே கதைதான். கனமான சத்தம் கேக்கும், கீச்சுச் சத்தம் கேக்காது. எங்க வீட்டுக்காரர் பேசினா பதில் வரும், எங்க பொண்ணு பேசினா வராது. பேத்தியை வேணும்னே ஒதுக்கறாங்கன்னு நான் போடாத சண்டை இல்ல. கடைசில டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா காது. எனக்கு அவங்க முகத்துல முழிக்கவே வெக்கமா போச்சு."

அக்கா ஹெட்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "என் வேலையே காதுலதான் இருக்கு" என்றாள்.

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க போய்க் காமிங்க."

வெளியே போகும்போது சர்வீஸ் பெண் மேனேஜரிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "சார், நான் முன்ன சொன்னதை மாத்திக்கிறேன். இந்த ரூமுக்குக் கண்காணிப்பு உள்ளதே வாங்குங்க. ஹெட்போன் போட்டு வேலை பாக்கற இடத்துல பீப் பத்தாது." மேனேஜர் யோசிக்கிறேன் என்றார்.

அக்காவின் கணவர் பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவர். சாயங்காலம் வரும்போது எந்த வீட்டுச் சுவரின் நிறமாவது அவர் முழங்கையில் ஒட்டியிருக்கும். அன்று இளம்பச்சை. அக்கா அவருக்காக வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, வாஷிங் மெஷின் முடிஞ்சா சத்தம் போடுமா?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "போடும். என்ன திடீர்னு?"

"எப்படிப் போடும்?"

"ஒரு பாட்டு மாதிரி வரும்."

"நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே. அது முடிஞ்சிடுச்சுன்னு நீங்கதானே எப்பவும் போய்த் துணியை எடுக்கறீங்க."

அவர் உள்ளே போய்க் கையைக் கழுவினார். பச்சை போகவில்லை. திரும்பி வந்து அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"பொண்ணுக்குக் காய்ச்சல் வந்துதே, அப்ப. தெர்மாமீட்டர் கத்துது, நீ கையில வச்சுக்கிட்டு இன்னும் கத்தலையேன்னு பாத்துட்டே இருந்த. நான் வாங்கிப் பாத்துட்டு ஏதோ சொல்லிச் சமாளிச்சேன்."

பெண் இப்போது வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். அந்தக் காய்ச்சல் வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

"அவ்வளவு நாளா! பாத்துட்டே இருந்திருக்கீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"எப்படிச் சொல்றது? உனக்கு அந்த வேலைன்னா உசுரு. சொன்னா நீ பயந்துடுவ. விட்டுடுவியோன்னு இருந்துச்சு. வீட்டுல நான் பாத்துக்கிட்டா போதும்னு நெனச்சேன்."

"வீட்டுல பாத்துக்கிட்டீங்க. ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் நான் பொய் சொல்றவளா நின்னேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அந்தச் சின்னப் பொண்ணோட அப்பா கையை ஊனிக்கிட்டு நின்னாருங்க. எனக்குத் தெரிஞ்சிருந்தா பேட்டரியை மாத்தச் சொல்லியிருப்பேன்ல? நீங்க கவனிச்சது இருக்கட்டும், கவனிச்சதைச் சொல்லணும்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான்" என்றார். சால்ஜாப்பு எதுவும் சொல்லவில்லை. அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் அவர் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

தெர்மாகோல் ஒட்டிய ஒரு சின்ன அறையில் அவளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கனமான சத்தங்களுக்கெல்லாம் உடனுக்குடன் அழுத்தினாள். பிறகு நீண்ட அமைதி. கண்ணாடிக்கு வெளியே அவள் கணவர் நின்றிருந்தார். அங்கே ஒலிபெருக்கியில் அவருக்கும் சத்தம் வந்தது போல. ஒவ்வொரு தடவையும் அவர் புருவம் லேசாக ஏறி இறங்கியது. அதைப் பார்த்துப் பொத்தானை அழுத்திவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது அவளுக்கு. சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

கீச்சுச் சத்தங்கள் மட்டும் போயிருக்கின்றன, காதுக் கருவி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்து வைக்கவும் சொன்னார்.

திங்கட்கிழமை அவள் நேரே ஸ்கேன் டாக்டரின் அறைக்குப் போனாள். பஸ்ஸில் வரும்போது பேசிப் பார்த்த வாக்கியம் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. "டாக்டர், எனக்கு ஒரு பக்கமா காது கேக்கல. ஒரு பக்கம்னா, ஒரு மாதிரியான சத்தம் கேக்கல" என்று உளறினாள். அவர் நாற்காலியைத் திருப்பி, முழுவதையும் கேட்டார்.

"நான் சொல்றது உங்களுக்கு நல்லாக் கேக்குதா?"

"கேக்குது. ஆனா எனக்கே இப்ப என்மேல சந்தேகமா இருக்கு."

"அப்ப பாத்துடுவோம்" என்றார். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லாமல் அவர் அப்படிச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. பழைய ரிப்போர்ட்டுகளில் கைக்கு வந்த ஒரு கட்டை எடுத்து, படத்தோடு வைத்து இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. ஓர் இடத்தில் ஒருமை பன்மையாக இருந்தது. அதைத் தவிர ஒன்றுமில்லை.

"இந்தக் குரலைப் பத்தி எங்க வீட்டுல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. கிணத்துக்குள்ளேருந்து பேசறேனாம்" என்றார் டாக்டர். "உங்களுக்கு அது வசதியா போச்சு. கருவி வர்ற வரைக்கும் அளவுகளை மட்டும் நீங்க எனக்குத் திருப்பிப் படிச்சுக் காட்டுங்க. எனக்கும் அது நல்லதுதான். சில சமயம் நானே மாத்திச் சொல்லிடறேன்."

மேனேஜரிடமும் அவளே போய்ச் சொன்னாள். "காது இருக்கு கேட்டுக்கலாம்னு நான் சொன்னேன்" என்றார். "உங்களை வச்சுக்கிட்டே சொன்னேன்."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்? எனக்கே தெரியாது."

கண்காணிப்பு வசதியுள்ள யூபிஎஸ் வந்தது. சர்வீஸ் பெண் வயரை மாட்டி, திரையின் மூலையில் ஒரு சின்னப் பேட்டரிப் படத்தை வரவைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். முதல் வாரம் அது ஒரு பெரிய தொல்லையாக இருந்தது. மின்சாரம் துளி ஏறினால் ஒரு அறிவிப்பு, துளி இறங்கினால் ஒரு அறிவிப்பு. டாக்டர் கல்லீரலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கல்லீரல்மேலேயே வந்து உட்காரும். மேனேஜரின் போனுக்கும் போட்டிருந்தார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் இருக்கும்போது வாரச் சோதனை முடிந்தது, எல்லாம் நலம் என்று செய்தி வந்து, அதைப் படித்ததால் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம். "நலமா இருந்தா எதுக்குங்க எனக்குச் சொல்லுது?" என்று சர்வீஸ் பெண்ணிடம் புலம்பினார். அவள் வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இரண்டை மட்டும் வைத்தாள். பேட்டரியில் ஓடுகிறது, பேட்டரியை மாற்ற வேண்டும். திரையின் நடுவில், பெரிய எழுத்தில். மேனேஜருக்கு ஒன்றும் கிடையாது.

அது வேலை செய்ததை ஒருநாள் காலை எல்லோரும் பார்த்தார்கள். கரண்ட் எதுவும் போகவில்லை. விளக்கு, விசிறி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. தரை பெருக்கியவர் துடைப்பத்தை இழுத்தபோது பிளக் பாதி கழன்றுவிட்டது போலிருக்கிறது. பெட்டி கீழே கத்தியது. குயில் ஒரு நோயாளிக்கு வழி காட்ட மாடிக்குப் போயிருந்தாள். அக்காவின் திரையில், நடுவில், பேட்டரியில் ஓடுகிறது என்று வந்தது. அவள் சேவ் செய்தாள். மைக்கில், "ஒரு நிமிஷம் டாக்டர்" என்றாள். குனிந்து பிளக்கை அழுத்தினாள். "சொல்லுங்க" என்றாள். மாடியிலிருந்து சத்தம் கேட்டு ஓடிவந்த குயில் கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

குயில் போகாமல் நின்றாள். பிறகு சுற்றிவந்து அக்காவின் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அக்கா, நான் உங்களைத் திமிர் புடிச்சவங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"நானும் உன்னைப் பத்திச் சொன்னேன். நீ சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாவே."

"என்ன சொன்னீங்க?"

"அது எதுக்கு இப்ப? சாப்பிட வா."

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். குயில் பேசுவதில் பாதி அக்காவுக்குப் பிடிபடாது. "என்ன?" என்று கேட்க அவள் கூச்சப்படவில்லை. திருப்பிச் சொல்ல குயிலும் அலுத்துக்கொள்ளவில்லை.

மாத முடிவில் மேனேஜர் அக்காவின் அறைக்கு வந்தார். எல்லா அறைக்கும் இதே மாதிரி வாங்கிப் போடலாமா என்று கேட்டார். போன மாதம் இதை வேண்டாத செலவு என்றவர் அவர்.

"ரிசப்ஷனுக்கு வேண்டாம் சார்" என்றாள் அக்கா. "அங்க காலைலேருந்து ராத்திரி வரைக்கும் ஆள் இருக்கு, பீப் போதும். எக்ஸ்ரேயிலயும் அப்படித்தான். படமெல்லாம் சேத்து வைக்கற அந்தப் பின் ரூமுக்கு வாங்குங்க. அங்க யாருமே போறதில்ல. அது கத்துனா உங்களுக்கும் கேக்காது, எனக்கும் கேக்காது."

மேனேஜர் சிரித்துவிட்டார். பின் அறைக்கு மட்டும் வாங்கினார்கள்.

காதுக் கருவி வந்த நாளில் கணவர் கூட வந்திருந்தார். கடுகளவு கருவி, காதுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. தெருவுக்கு வந்ததும் அக்கா நின்றுவிட்டாள். காலடியில் மணல் நறநறத்தது. யாரோ சாவிக்கொத்தைக் குலுக்கினார்கள். ஒரு சைக்கிள் பிரேக் பிடித்தது காதுக்குள் கம்பியை விட்ட மாதிரி இருந்தது. அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று அதில் நீலம்.

"எப்படி இருக்கு? எல்லாம் கேக்குதா? பஸ்ல போகலாமா, ஆட்டோ புடிக்கட்டுமா?" என்று கேட்டார்.

அவள் முகத்தைச் சுளித்தாள். "ஏங்க இப்படிக் கத்தறீங்க? தெருவே திரும்பிப் பாக்குது."

"நான் எங்க கத்தறேன்? எப்பவும் பேசற மாதிரிதான் பேசறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்போதிலிருந்து இவ்வளவு உரக்கப் பேசத் தொடங்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை. கடையில்கூட, ஒரு டப்பா வெள்ளை கேட்டு வருகிறவர்கள் அவர் போடும் சத்தத்தில் பின்வாங்குவார்கள். அதற்கான காரணம் இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "பஸ்ல போகலாமா?"

"இன்னும் கொஞ்சம் குறைங்க" என்றாள் அவள்.

பஸ் நிறுத்தம்வரை அவர் அதையே விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் சிரித்துக்கொண்டே, போதும், போதும் என்று கையைக் காட்டிக்கொண்டு கூட நடந்தாள்.